கடை யாருடையது? தோட்டத்துத் துண்டிலிருந்து "மால்" வரை

ஊட்டி முனிசிபல் மார்க்கெட்டின் பழைய கடைகளை இடித்துவிட்டுப் புதுக் கட்டிடம் எழுப்பும் வேலை 2024-ல் தொடங்கியது. குன்னூர் மார்க்கெட்டுக்கும் இதே மாதிரித் திட்டம் தீட்டப்பட்டது. அங்கே வியாபாரிகள் எதிர்த்துக் கிளம்பினார்கள். இவை நமக்குச் சம்பந்தமில்லாத விவகாரங்கள் என்று தோட்டத் தொழிலாளர்களும், கீழே சமவெளியில் உள்ள ஆலைத் தொழிலாளர்களும், விவசாயக் கூலி மக்களும் நினைத்துவிடக் கூடாது. கொழுந்து பறிக்கும் பெண் சம்பளம் வாங்கியதும் அரிசி பருப்புக்குப் போகிற இடம் அது. படுகர் கிராமத்துச் சிறு விவசாயியின் காரட்டும் உருளைக்கிழங்கும் வந்து இறங்குகிற இடம் அது. நூற்றுக்கணக்கான கடைச் சிப்பந்திகளும் சுமை தூக்குபவர்களும் பிழைக்கிற இடம் அது.

பழைய மார்க்கெட் சொர்க்கலோகமாக இருந்தது என்று நாம் சொல்லவில்லை. மழைக்கு ஒழுகாத கூரையும், சேறில்லாத தரையும், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும் வேண்டாமென்று எந்தத் தொழிலாளி சொல்வான்? கட்டிடம் அவசியந்தான். ஆனால் "மால் மாதிரி பளபளவென்று வரப்போகிறது" என்று மகிழ்ச்சியோடு சொல்கிறவர்களிடம் நாம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். கட்டி முடித்த பிறகு அந்தக் கடை யாருடையது?

இந்தக் கேள்விக்கு நீலகிரி மலையின் இருநூறு வருஷச் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது.

ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது

முதலாளிக்குக் கூலி கொடுப்பது கசப்பான காரியம். கொடுத்த கூலி மறுபடியும் தன் பெட்டிக்கே திரும்பி வந்தால் கசப்பு தீர்ந்துவிடும். அதற்கு அவன் கண்டுபிடித்த உபாயந்தான் கடை.

இங்கிலாந்தில் ஆலை முதலாளிகள் இதைச் செய்தார்கள். ரொக்கத்துக்குப் பதிலாகச் சீட்டு. அந்தச் சீட்டு செல்லுபடியாகிற ஒரே இடம் முதலாளியின் கடை. தொழிலாளர்கள் போராடியதன் பேரில் கூலியை நாணயமாகவே கொடுக்க வேண்டுமென்று 1831-ல் அங்கே சட்டம் வந்தது. ஆனால் வெள்ளை துரைமார் தங்கள் நாட்டில் தடுத்த பழக்கத்தைக் கடல் கடந்த தோட்டங்களில் வளர்த்தார்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் அதற்குப் பெயர் "துண்டு". இந்தத் தொழிலாளி இவ்வளவு கடன் பாக்கி என்று எழுதிய காகிதந்தான் துண்டு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடனைப் புதுத் துரை தீர்த்து ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். மாட்டுச் சந்தையில் கயிறு கை மாறுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 1921-ல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1964-ம் வருஷ சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து வந்து, கூடலூரிலும் கோத்தகிரியிலும் குந்தாவிலும் குடியேறிய குடும்பங்களுக்கு இது பாட்டன் பாட்டி சொன்ன கதை. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் சர்க்கார் தொடங்கிய தோட்டங்கள்தான் பிற்பாடு 1976-ல் "டான்டீ" என்ற கார்ப்பரேஷனாயின.

இந்தப் பக்கத்து மலைகளிலும் நிலைமை பெரிதாக மாறுபடவில்லை. கங்காணியும் மேஸ்திரியும் சமவெளிக் கிராமங்களில் அட்வான்ஸ் கொடுத்து ஆள் பிடித்தார்கள். மலையேறும்போதே தொழிலாளி கடன்காரன். அரிசிக்குப் பற்று, கம்பளிக்குப் பற்று. கணக்கு முடிக்கும் நாளில் கைக்கு வந்தது என்ன? பெரும்பாலும் புதிய பற்று. ஓடிப்போனால் ஜெயில்! 1859-ம் வருஷ ஒப்பந்த மீறல் சட்டமும் 1903-ம் வருஷச் சென்னைத் தோட்டக்காரர் சட்டமும் அதற்குத்தான் இருந்தன. வால்பாறையில் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்து, சங்கமும் கட்டிய டாக்டர் பி. எச். டேனியல் எழுதிய நாவல் தமிழில் "எரியும் பனிக்காடு" என்று வந்திருக்கிறது. அதைப் படித்தவர்களுக்கு அந்தக் கடன் வலை எப்படிப் பின்னப்பட்டது என்பது விளங்கும்.

கூலி கொடுப்பவனும் கடை வைத்திருப்பவனும் ஒரே கையாக இருந்தால் தொழிலாளிக்கு விடுதலை இல்லை. சரித்திரத்தின் முதல் பாடம் இது.

மேல் கடைத்தெருவும் கீழ் கடைத்தெருவும்

கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்கு ஏறி வந்தார். சில வருஷங்களில் ஊட்டியில் துரைமார் பங்களாக்கள் எழுந்தன. பங்களாவுக்குப் பாலும் வெண்ணெயும் காய்கறியும் இறைச்சியும் வேண்டும். அதைச் சுமந்து வந்தவர்கள் நம்மவர்கள். ஏரிக்கரைப் பக்கம் பஜார் வளர்ந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் சந்தை கூடியது. 1866-ல் ஊட்டியிலும் குன்னூரிலும் முனிசிபாலிடி ஏற்பட்டது. மலை ரயில் 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் வந்தது. ரயில் வந்ததும் சரக்கு பெருகியது, கடைகள் பெருகின.

ஆனால் ஊர் ஒன்றாக இருந்தாலும் கடைத்தெரு இரண்டாக இருந்தது. சேரிங் கிராஸ் பக்கத்திலும் கமர்ஷியல் ரோட்டிலும் கண்ணாடிக் கதவு போட்ட கடைகள். சென்னை மௌண்ட் ரோட்டில் ராஜ்யம் நடத்திய ஸ்பென்சர் கம்பெனிக்கும் ஊட்டியில் கிளை இருந்தது. அங்கே சீமைச் சரக்கு. கீழே பஜாரில் நம் ஜனங்கள். அங்கே ராகியும் கருவாடும் கம்பளியும். இன்றைக்கு மால் வாசலில் நிற்கிற காவலாளி, செருப்பில்லாத காலைப் பார்த்து முகம் சுளிக்கிறானே, அந்தச் சுளிப்புக்கு வயது நூறுக்கு மேல்.

ஒரு வெண்ணெய்க் கடையின் கதை

நீலகிரியின் பெயரையே சூட்டிக்கொண்ட கடை ஒன்று இந்தியாவின் பெரிய நகரங்களில் பிரசித்தம். அதன் கதையைத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முத்துசாமி முதலியார் என்பவர் கோவையிலிருந்து மலைக்குத் தபால் சுமந்தவர். துரைமார் தங்களுக்கு வேண்டிய வெண்ணெயையும் அவரிடமே சொல்லி அனுப்புவார்கள். பிறகு ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் வெண்ணெய் வியாபாரத்தை அவர் வாங்கி, 1905-ல் சிறு கடை வைத்தார். இது "நீல்கிரிஸ்" கம்பெனி சொல்லிக்கொள்கிற சொந்த வரலாறு. 1936-ல் குடும்பம் பெங்களூர் பிரிகேட் ரோட்டுக்குப் போயிற்று. பால் பண்ணை, ரொட்டி, பிறகு ஜனங்கள் தாங்களே கூடையில் எடுத்துப்போட்டுக்கொள்கிற சூப்பர் மார்க்கெட். இந்தியாவில் அந்த வகைக் கடைகளுக்கு முன்னோடி அது.

இதுவரை உழைப்பாளி ஒருவரின் முன்னேற்றக் கதை. பிறகு நடந்தது என்ன? 2006-ல் ஆக்டிஸ் என்ற லண்டன் முதலீட்டுக் கம்பெனி பெரும்பகுதிப் பங்குகளை வாங்கியது. 2014-ல் ஃபியூச்சர் குழுமம் சுமார் 300 கோடி ரூபாய்க்குக் கடையை எடுத்துக்கொண்டது. 2022-ல் அந்தக் குழுமத்தின் பெரிய சில்லறை வியாபாரக் கம்பெனியே கடனில் மூழ்கித் திவால் கோர்ட்டுக்குப் போயிற்று. அதற்கு முன்பே அதன் கடைகளில் பலவற்றை ரிலையன்ஸ் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டது.

வெண்ணெய் சுமந்த தோள் எங்கே? லண்டன் பங்குப் பத்திரம் எங்கே? நடுவில் எந்த இடத்திலாவது, மாடு மேய்த்தவனையோ பால் கறந்தவளையோ கடையில் பில் போட்டவனையோ கேட்டு முடிவு செய்தார்களா? சின்ன மீனைப் பெரிய மீன் விழுங்கும்; பெரிய மீனைத் திமிங்கிலம் விழுங்கும். நல்ல முதலாளி, கெட்ட முதலாளி என்கிற பேச்சு இதில் எடுபடாது. மூலதனத்தின் இயல்பே இது.

ஆலைத் தொழிலாளிகள் திறந்த கடை

அப்படியானால் வேறு வழியே இல்லையா? உண்டு. அந்த வழியைக் காட்டியவர்களும் தொழிலாளர்களே.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஆலை ஊர். அங்கே நெசவாளர்களும் வேறு சில தொழிலாளிகளுமாகச் சுமார் 28 பேர் காசு காசாகச் சேர்த்து, 1844 டிசம்பர் 21-ந் தேதி ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி, அவ்வளவுதான் சரக்கு. கலப்படம் கிடையாது. கள்ள எடை கிடையாது. கடன் கிடையாது. யார் எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு. லாபம் வந்தால் வாங்கியவர்களுக்கே பிரித்துக் கொடுக்கப்பட்டது. இன்று உலகம் முழுவதும் உள்ள கூட்டுறவுக் கடைகளுக்கெல்லாம் மூத்த அண்ணன் அந்தச் சின்னக் கடை. சென்னையில் 1904-ல் தோன்றிய திருவல்லிக்கேணி கூட்டுறவுப் பண்டகசாலையும், கோவைத் தொழிலாளர் குடும்பங்கள் நன்றாக அறிந்த "சிந்தாமணி"யும் அந்த வம்சத்தில் வந்தவை.

நீலகிரியிலும் அந்தச் சுடர் ஏற்றப்பட்டது. மலை விவசாயியின் உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும். அங்கே மண்டிக்காரர் சொன்னதே எடை, அவர் வைத்ததே விலை. விதைக்கும் உரத்துக்கும் அவரிடமே கடன் வாங்கியவன் எதிர்த்துப் பேச முடியுமா? இதை உடைக்கத்தான் 1935-ல் எச். பி. ஆரி கவுடர் முன்னின்று நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை அமைத்தார். அவர் கம்யூனிஸ்டு அல்ல. ராவ் பகதூர் பட்டம் பெற்றவர். ஆனாலும் விவசாயிகள் ஒன்று சேர்ந்து தாங்களே விற்றால்தான் தரகனின் பிடி தளரும் என்கிற உண்மையை உணர்ந்து செயல்பட்டார். பின்னர் 1960-களில் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் குந்தாவில் தொடங்கிப் பரவின. அவற்றின் கூட்டமைப்பாக 1965-ல் இண்ட்கோசர்வ் ஏற்பட்டது. 1999-ல் தமிழ்நாடு சர்க்கார் தொடங்கிய உழவர் சந்தைகளும் ஊட்டிக்கும் குன்னூருக்கும் வந்து, விளைவித்தவனே விற்கிற வழியைத் திறந்தன.

கூட்டுறவில் குறையே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. தேர்தல் நடத்தாமல் அதிகாரி கையில் விட்ட சங்கம் எப்படி நலியும், பெரிய பண்ணைக்காரர் பிடித்துக்கொண்ட சங்கம் யாருக்குப் பயன்படும் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். வீட்டில் எலி புகுந்ததென்று வீட்டையே கொளுத்துவார்களா? எலியைத்தான் விரட்ட வேண்டும்.

தறி நின்ற இடத்தில் தள்ளுபடி விற்பனை

இனி இந்த "மால்" என்பது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

1956-ல் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகருக்குப் புறம்பே எடினா என்ற இடத்தில் "சவுத்டேல்" திறக்கப்பட்டது. நாலுபுறமும் மூடி, உள்ளே குளிரும் வெயிலும் தெரியாமல் செய்த முதல் பெரிய மால் அது. அதை வரைந்த விக்டர் குரூயன், வியன்னா நகரத்து யூதர். சோஷலிஸ்டுக் கருத்தில் வளர்ந்தவர். 1938-ல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர். கடைகளைச் சுற்றிலும் வீடு, பள்ளிக்கூடம், வைத்தியசாலை, பூங்கா எல்லாம் வரும், ஜனங்கள் கூடிப் பழகும் பொது இடமாக அது விளங்கும் என்று அவர் கனவு கண்டார். முதலாளிகள் கனவை ஓரமாக வைத்துவிட்டுக் கடையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சுற்றிலும் கார் நிறுத்த மைதானம் போட்டார்கள். கடைசிக் காலத்தில் குரூயன் மால்களைத் தன் பிள்ளைகள் என்று ஒப்புக்கொள்ளவே மறுத்தார். நல்ல மனிதர் வரைந்த படமும் உடைமை கெட்டுப்போனால் கெட்டுப்போகும்!

நம் நாட்டில் மால் எங்கே முளைத்தது? பம்பாயில் 1982 ஜனவரியில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் மகத்தான வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். போராட்டம் நசுங்கியது, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் மில் இருந்த நிலத்தில் இன்று பெரிய மால் நிற்கிறது. பெயரிலும் ஃபீனிக்ஸ்தான். அதே கம்பெனி 2013-ல் சென்னைப் புறநகரான வேளச்சேரியிலும் மால் திறந்தது. சென்னை பெரம்பூரில் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை 1996-ல் மூடப்பட்டது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த அந்த மண்ணில் இப்போது அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன.

கோவைக்கு வாருங்கள். நீலகிரிக்கும் கோவைக்கும் உறவு பழையது. மலைக் காப்பிக் கொட்டையைப் பதப்படுத்தி வளர்ந்த ராபர்ட் ஸ்டேன்ஸ்தான் 1888-ல் கோவையின் முதல் நூற்பாலைக்கு அஸ்திவாரமிட்டார். 1910-ல் தோன்றிய லட்சுமி மில்ஸின் வளாகத்தில் 2023-ல் லூலூ ஹைப்பர் மார்க்கெட் திறக்கப்பட்டது. புறநகரில் சத்தி ரோட்டுப் பக்கம் சிவானந்தபுரத்தில் 2017-ல் புரோசோன் மால் வந்தது. ஒரு காலத்தில் சங்கு ஊதினால் ஆயிரக்கணக்கானவர்கள் ஷிப்டுக்கு ஓடிய அவினாசி ரோட்டில், இன்று தள்ளுபடி விற்பனைக்குக் கூட்டம் ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை குழந்தை குட்டிகளோடு மாலுக்குப் போகிற தொழிலாளியை நாம் பரிகசிக்கவில்லை. குளிர்ந்த காற்று, சுத்தமான தரை, நகரும் படிக்கட்டு, குழந்தையின் சிரிப்பு. இவற்றுக்கு அவனுக்கு உரிமை இல்லையா? ஆனால் அங்கே விற்பனைக்கு நிற்கிற நம் வீட்டுப் பெண்ணைப் பாருங்கள். நாள் முழுவதும் நின்றே வேலை. உட்கார ஒரு முக்காலிகூடச் சட்டம் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது! கேரளத்தில் 2018-ல் அந்தச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தை 2021-ல் திருத்தினார்கள். நூற்பாலையில் சங்கம் இருந்தது. மாலில் சங்கம் எங்கே?

2012-ல் மத்திய சர்க்கார் பல சரக்குச் சில்லறை வியாபாரத்தில் 51 சதவீதம் அந்நிய மூலதனத்தை அனுமதித்தது. அதை எதிர்த்து இடதுசாரிகளும் வியாபாரிகளும் சேர்ந்து தெருவில் இறங்கினார்கள். மளிகைக் கடைக்காரரும் தொழிலாளியும் ஒரே பக்கம் நின்ற நாள் அது. அந்த ஐக்கியம் இன்றைக்கும் தேவை.

மலையில் நாம் கேட்பது

மண் சரிவுக்கு அஞ்சி, நீலகிரியில் கட்டிடங்கள் 7 மீட்டருக்கு மேல் உயரக் கூடாதென்று 1990-களில் விதி செய்தார்கள். அதனால் கோவையைப் போன்ற வானளாவிய மால் இங்கே எழும்பவில்லை. ஆனால் மால் என்பது உயரத்தில் இல்லை, உடைமையில் இருக்கிறது. ஒரு மாடிக் கட்டிடத்திலும் மால் நடத்தலாம். பெரிய டெபாசிட், பெரிய வாடகை, ஏலம். இந்த மூன்றையும் வைத்தால் போதும். சின்ன ஆள் தானே வெளியேறிவிடுவான். கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டிய அவசியமே இராது.

2021-ல் ஊட்டி மார்க்கெட்டில் வாடகை பாக்கி என்று நூற்றுக்கணக்கான கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். வாடகையை ஒரேயடியாகப் பல மடங்கு உயர்த்திவிட்டார்கள் என்பது வியாபாரிகளின் முறையீடு. முனிசிபாலிடிக்கு வருமானம் வேண்டும், வாஸ்தவந்தான்; குடிநீரும் துப்புரவும் அந்தப் பணத்தில்தான் நடக்க வேண்டும். அதே சமயம் லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்க, உள்ளே வேறொருவர் மேல்வாடகை கொடுத்துக் கடை நடத்துகிற அநியாயத்துக்கும் நாம் வக்காலத்து வாங்க மாட்டோம். நியாயம் எந்தப் பக்கம் என்று அளக்க ஒரே கோல்தான் உண்டு. கடையில் உழைப்பவனுக்கும் கடைக்கு வரும் ஏழைக்கும் எது நன்மை?

ஆகவே ஊட்டியிலும் குன்னூரிலும் உழைக்கும் மக்கள் கேட்க வேண்டியவை இவை:

ஒன்று: இடிக்கப்படும் ஒவ்வொரு கடையிலும் உண்மையாக உழைப்பவர் யார் என்று கணக்கெடுத்து, புதுக் கட்டிடத்தில் அவருக்கு இடம் உண்டு என்று எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். வாய் வார்த்தை கூடாது.

இரண்டு: வாடகை, கடையின் அளவையும் வியாபாரத்தின் தன்மையையும் பார்த்து நிர்ணயிக்கப்பட வேண்டும். காய்கறிக் கூடைக்கும் நகைக் கடைக்கும் ஒரே தராசு கூடாது. முழு மார்க்கெட்டையும் ஒரு தனியார் கம்பெனிக்குக் குத்தகை விடுவதை எந்த நாளும் ஒப்புக்கொள்ள முடியாது.

மூன்று: கூடை வைத்து உட்காரும் கிராமத்துப் பெண்களுக்குக் கூரையின் கீழ் இடம் வேண்டும். 2014-ம் வருஷத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, ஊர் விற்பனைக் கமிட்டியில் குறைந்தது நூற்றுக்கு 40 பேர் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அந்தக் கமிட்டியைக் கேட்காமல் யாரையும் நகர்த்தக் கூடாது.

நான்கு: கடைச் சிப்பந்திகளுக்கும் சுமைத் தொழிலாளர்களுக்கும் இருக்கை, ஓய்வறை, கழிப்பறை, குடிநீர் ஆகியவை வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும்.

ஐந்து: சிறு விவசாயிகளின் கூட்டுறவுக்கும், கூட்டுறவுத் தேயிலைக்கும், மலிவு விலைப் பண்டகசாலைக்கும் முன்வரிசையில் கடை ஒதுக்க வேண்டும். பின் சந்தில் அல்ல.

இவை ஆகாய மல்லிகையைக் கேட்கிற கோரிக்கைகளா? இல்லை. மார்க்கெட்டின் நிலம் ஊருக்குச் சொந்தம். கட்டிடத்தின் பணம் ஜனங்கள் கொடுத்த வரி. தீப்பெட்டி வாங்கும்போதுகூட வரி கொடுக்கிற தொழிலாளியின் பணமும் அதில் இருக்கிறது.

இதைத் தோட்டத் தொழிலாளர் சங்கம் மட்டும் தனியாகச் சாதிக்க முடியாது. வியாபாரிகள் சங்கத்தாலும் தனியாக முடியாது. சிறு வியாபாரி, சுமைத் தொழிலாளி, கொழுந்து பறிப்பவள், காய்கறி விளைவிப்பவன் எல்லோரும் ஒரே மேடையில் நிற்க வேண்டும். நகராட்சிக் கூட்டத்துக்கு மனு போக வேண்டும். மனுவின் பின்னால் ஊர்வலம் போக வேண்டும். கீழே கோவையில் ஆலையை இழந்து மாலைப் பெற்ற தோழர்கள் தங்கள் அனுபவத்தை மேலே வந்து சொல்ல வேண்டும்.

துண்டுச் சீட்டின் காலத்தில் தொழிலாளிக்கு எந்தக் கடைக்குப் போவது என்று தீர்மானிக்கும் உரிமைகூட இல்லை. போராடி அந்த உரிமையைப் பெற்றோம். கடை யாருக்காக நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையே இனிப் பெற வேண்டியது. கட்டிடம் எழட்டும், கூரை உயரட்டும். ஆனால் கதவின் சாவி ஊர் ஜனங்களின் கையில்தான் இருக்க வேண்டும்.